ஒரே படத்திலிருந்து ஐந்து கணக்கு

ஜனவரி 9

அடியே கணக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நீ நலமா என்று கேட்பது மட்டும் நிஜம்.

போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது. பாதியில் நீ வைத்துவிடுகிறாய், மீதியை நான் சுவரோடு பேச வேண்டியிருக்கிறது. அதுவும் போக, தினமும் ஒரு பக்கமாவது கையால் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். விரலுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். "அப்படின்னா என் ஹோம்வொர்க்கை எழுதிக் குடும்மா" என்கிறாள் வாலு. மகளுக்குத் துணை போவதற்கு உனக்கு எழுதுவது மேல்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இருந்ததுதான் எனக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஈரலில் உண்டாகும் ஏதோ ஒரு புரதமாம். நாலு துண்டாகச் சேர்ந்து இருக்க வேண்டியது, நம் குடும்பத்தில் மட்டும் பிரிந்துபோய் நரம்பில் குப்பையாகப் படிகிறதாம். நீ இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது, கோபித்துக்கொள்ளாதே.

உள்ளுக்குள் எனக்கு முன்பே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு ஸ்க்ரூ போடும்போது, ஸ்க்ரூ விரலுக்கு நடுவில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. போன வாரம் கடையை மூடிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பின்னாலேயே ஒரு பெண் ஓடி வந்து, "அக்கா, உங்க செருப்பு" என்று ஒற்றைச் செருப்பை நீட்டினாள். கழன்றதே தெரியாமல் தெரு முழுக்க நடந்திருக்கிறேன். அப்பா இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு நாம் இரண்டு பேரும் பின்னால் சிரித்தபடி போவோமே, ஞாபகம் இருக்கிறதா?

ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி ஆராய்ச்சி நடக்கிறது. ஈரல் அந்தப் புரதத்தைச் செய்வதையே நிறுத்துகிற ஊசி. தடி இல்லாமல் நடக்கிறவர்களை மட்டும்தான் சேர்ப்பார்களாம். அதிலும் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர்தான் ஏற்றுவார்கள், யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மார்ச் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். உன் மாமா, கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடு என்கிறார். நீ ஏதோ மாத்திரை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாயே, அது எந்த மட்டில் இருக்கிறது? நீ சொல்வதைத்தான் செய்வேன்.

நீ எப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்கப் போகிறாய்?

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். செருப்பு வருகிற இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

மாத்திரையைப் பற்றி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. அது புதிதில்லை. ஒரு காலத்தில் மூட்டுவலிக்கு விற்றது. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று தெரிந்த சரக்கு. அந்தப் புரதத்தின் நாலு துண்டுக்கும் நடுவில் ஒரு பொந்து இருக்கிறது. மாத்திரையின் மூலக்கூறு பொந்துக்குள் போய் உட்கார்ந்தால் நாலும் பிரியாது. எல்லோருக்கும் இருக்கிற சாதாரணப் புரதத்தில் அது நன்றாக உட்காருகிறது என்று ஆய்வகத்தில் அளந்தாகிவிட்டது. நம் குடும்பத்துப் புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் மாறியிருக்கிறது. இந்த ரகத்தைச் சோதனைக்குழாயில் செய்து எடுப்பது பெரும்பாடு. உலகத்தில் இருக்கிற நாலைந்து குடும்பங்களுக்காக யார் மெனக்கெடுவார்கள்? அதனால்தான் கணினியில் நான் மெனக்கெடுகிறேன்.

புரதம், மாத்திரை, சுற்றிலும் தண்ணீர், ஒவ்வொரு அணுவாக வைத்து அசையவிடுவேன். பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆக்குவேன். பிடுங்கி எடுப்பதில்லை. முதலில் அதன் மின்னூட்டத்தைக் குறைப்பேன், அப்புறம் பருமனைக் குறைப்பேன், கடைசியில் அது அந்தப் பொந்திலேயே இருந்தாலும் யார் மேலும் படாது. படிக்குப் படி செலவாகும் ஆற்றலை, அதாவது விலையை, கூட்டிக்கொண்டே வருவேன். அதே மாத்திரையை வெறும் தண்ணீரில் வைத்தும் இதையே செய்வேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், பொந்து அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதற்கான எண். கட்டிலா ஆற்றல் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எண் எட்டைத் தாண்டினால் மருந்து என்று சொல்லலாம். நம் குடும்பத்துப் புரதத்துக்குப் பன்னிரண்டு வந்திருக்கிறது.

பன்னிரண்டு, அக்கா. வந்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து நடைபாதையில் போய் நின்றுகொண்டேன்.

நவம்பரில் ஆட்களுக்கு மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி தொடங்குகிறது. உன் ஆஸ்பத்திரியும் அதில் இருக்கிறது. இதில் உப்புத் தண்ணீர் விளையாட்டு கிடையாது, எல்லோருக்கும் மாத்திரைதான். ஆனால் ஊசியில் சேர்ந்தவர்களை இதில் சேர்க்க மாட்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் போடுகிற ஊசிக்கு உன்னை நீ ஏன் கொடுக்க வேண்டும்? காத்திரு.

ரத்தம் கொடுக்க இப்போது எனக்கு நேரமில்லை.

கணக்கு


பிப்ரவரி 11

அடியே கணக்கு,

உன் கடிதத்தில் பாதி புரிந்தது. புரியாத பாதியை உன் மாமா சத்தமாகப் படித்தார். "கட்டிலா ஆற்றல்னா என்ன, கட்டிலே இல்லாம தூங்குற ஆற்றலா?" என்று கேட்டார். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று, அதற்காக உனக்கு நன்றி.

ஒன்று மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆளை இல்லாமல் ஆக்கிப் பார்த்துத்தான் அருமையைக் கண்டுபிடிக்கிறீர்கள். அதற்குக் கணினி எதற்கு? அப்பா போன பிறகு நம் வீட்டில் அதைத்தானே பார்த்தோம்.

சிரிப்பு முடிந்த பிறகு சண்டை. "பக்கத்துல இருக்குற டாக்டர் பேச்சை விட்டுட்டு, எங்கேயோ இருக்குறவ பேச்சைக் கேப்பியா? உன் தங்கச்சி என்ன கடவுளா?" என்றார். "கடவுள் கணக்குத் தப்பினாலும் அவ கணக்குத் தப்பாது" என்றேன். அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான், ஆனால் நான் உன் பக்கம்.

கடையில் பிரேமை வளைப்பதற்குச் சூட்டு மணலில் செருகி எடுப்போம், பார்த்திருக்கிறாய். சனிக்கிழமை பிரேமோடு சேர்த்து என் விரலையும் செருகிவிட்டேன். தெரியவே இல்லை. என்னவோ கருகுகிறதே என்று வாடிக்கையாளர்தான் சொன்னார். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, பதில் யோசித்தீர்களா என்று மறுபடி கேட்டார்.

அந்தப் பன்னிரண்டில் சந்தேகம் எவ்வளவு? மாமாவுக்குச் சொல்வதற்குத்தான் கேட்கிறேன், எனக்காக இல்லை.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவிடம் சொல்: சந்தேகம் அரைக்கும் குறைவு, பதினொன்றரைக்குக் கீழே போகாது.

சும்மா சொல்லவில்லை. கணக்கை ஐந்து தடவை தனித்தனியாக ஓடவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பல நாள் பிடித்தது. ஐந்தும் பன்னிரண்டை ஒட்டியே வந்து நின்றன. மாத்திரையை மறைய வைத்தும் பார்த்தேன், ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல மெல்ல வரவழைத்தும் பார்த்தேன். போகும்போது ஆன விலையும் வரும்போது ஆன விலையும் ஒன்றாக இருக்கின்றன. எங்கள் தொழிலில் இதற்கு மேல் ஒரு அத்தாட்சி கிடையாது.

சிரிப்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இங்கே கீழ்த்தளத்தில் ஒருவர் இருக்கிறார். மருந்தும் புரதமும் ஒட்டும்போது உண்டாகும் சூட்டை அளப்பது அவர் வேலை. தெர்மாமீட்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நம் ரகத்துப் புரதத்தை ஒருவழியாகக் கொஞ்சம் செய்து எடுத்துவிட்டார். அளந்து பார்த்தாராம், ஏழு வந்ததாம். படியேறி வந்து என் மேசை முன்னால் நின்றுகொண்டு, "மேடம், ஏழுதான் காட்டுது" என்று துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவர் குழாயில் இருக்கும் புரதம் பாதி கெட்டுப்போயிருக்கும். போன வருஷம் அவர் மெஷினில் காற்றுக்குமிழி புகுந்து மூன்று வாரத்து அளவு குப்பைக்குப் போனது. "போய் மறுபடி செஞ்சுட்டு வாங்க சார்" என்று அனுப்பிவிட்டேன். எங்கள் அறையே சிரித்தது.

காத்திரு, அக்கா. நவம்பர் தொலைவில் இல்லை.

கணக்கு


ஏப்ரல் 3

அடியே கணக்கு,

முடித்துவிட்டேன். கடைசி நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டார். என் இடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குப் போனது. பஸ் டிரைவராம். பிரேக் மிதிப்பது கால் விரலில் தெரியவில்லை என்று வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். "நீங்க வேணாம்னு சொன்னது உங்களுக்கு நல்லதா இருக்கணும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் எவ்வளவு அழுத்திப் பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா என்னோடு வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், குளியலறையில் நான் வழுக்காமல் இருக்கச் சுவரில் இரும்புப் பிடி அடித்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க டிரில் சத்தம்தான்.

தெர்மாமீட்டர் கதையைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். மறுபடி அளந்தாரா அந்த மனுஷன்?

எழுத்து கோணலாகிறது. வரி மேலே ஏறுகிறது, பார்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். இங்கே வேலை அதிகம். சில கணக்குகளைத் திரும்ப ஓடவிட வேண்டியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, சரிபார்ப்புதான்.

குளியலறைப் பிடி நல்ல யோசனை. வாசற்படியிலும் ஒன்று அடிக்கச் சொல். வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்க்காதே, முழங்கையால் தொட்டுப் பார்.

ஊசி ஆராய்ச்சியில் இடம் ஏதாவது காலியானால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

கணக்கு


மே 30

கணக்கு,

சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டேன். கேட்கப் போனபோது என் கையில் தடி இருந்தது. போன வாரம் கடை வாசலில் விழுந்தேன். பல் உடையவில்லை, உடைந்தது இரண்டு ஷோகேஸ் கண்ணாடி.

நீ இரண்டு விதமாகத்தான் எழுதுவாய். ஒன்று, நிறுத்தாமல் எழுதுவாய். இல்லாவிட்டால் எழுதவே மாட்டாய். இந்தத் தடவை வார்த்தையை மென்று மென்று முழுங்கியிருக்கிறாய். தெர்மாமீட்டர் மறுபடி அளந்தாரா என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதில் இல்லை. "சும்மாதான் கேட்கிறேன்" என்று நீ எழுதிய இடத்தை மாமா நாலு தடவை படித்தார். அப்புறம் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பூசி மெழுகாதே. என்ன நடந்தது?

அக்கா


ஜூன் 14

அக்கா,

ஏழுதான்.

தெர்மாமீட்டர் மூன்று தடவை புதிதாகப் புரதம் செய்து அளந்தார். மூன்று தடவையும் ஏழு. நான் நம்பவில்லை. அவர் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காக, மாத்திரையே இல்லாத நம் புரதத்தைக் கணினியில் அதன்போக்கில் விட்டேன். வாரக்கணக்கில் ஓடியது. ஒருநாள் காலையில் வந்து திரையைப் பார்த்தால், பொந்தின் மூடி திறந்து கிடக்கிறது.

மூடியைப் பற்றி உனக்கு நான் எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பொந்துக்கு மேலே புரதத்தின் ஒரு இழை மூடி மாதிரி இருக்கிறது. சாதாரணப் புரதத்தில் அது பெரும்பாலும் மூடியேதான் இருக்கும். நம் ரகத்தில் அந்த ஒரு கண்ணி மாறியதால் அது தளர்ந்துவிட்டது. பொந்து காலியாக இருந்தால் மூடி திறந்துகொண்டு நூறு விதமாக அலைகிறது. மாத்திரை உள்ளே உட்கார வேண்டுமென்றால் அத்தனை அலைச்சலையும் விட்டுவிட்டு மூடி ஒரே நிலையில் அடங்கி நிற்க வேண்டும். அந்தச் சுதந்திரத்தை இழப்பதற்கு ஒரு விலை உண்டு. என்ட்ரோபி என்று சொல்வோம். பன்னிரண்டிலிருந்து அந்த விலையை நான் கழிக்கவே இல்லை.

ஏன் கழிக்கவில்லை என்று கேட்பாய். எந்த அணு எங்கே என்று காட்டும் ஒரு படத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குவோம், நான் தொடங்கிய படத்தில் மூடி அடைந்திருந்தது. அது சாதாரணப் புரதம் மாத்திரையோடு இருக்கும்போது எடுத்த படம். அதில் அந்த ஒரு கண்ணியை மட்டும் மாற்றிவிட்டு ஓடவிட்டேன். ஐந்து தடவையும் அதே படத்திலிருந்துதான் கிளம்பினேன். மாத்திரை மறைந்த பிறகு மூடி திறந்திருக்க வேண்டும். ஆனால் திறப்பதற்கு அதற்கு நேரம் போதவில்லை, காலி வீட்டைக் காவல் காத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறது. அதனால்தான் போன விலையும் வந்த விலையும் ஒன்றாக இருந்தன. ஐந்து சாட்சியும் ஒரே பேச்சாகப் பேசுகிறார்கள் என்று நம்பித்தான் உனக்கு எழுதினேன். ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்கள், திறந்த மூடியை ஒருத்தரும் பார்த்ததில்லை.

பல படங்களிலிருந்து கிளம்பியிருந்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதற்குக் கணினி நேரம் கூடுதலாக வேண்டும், கோடையாகிவிடும். உன் மார்ச் கடைசிக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

திறந்த மூடியிலிருந்தும் இப்போது ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன். ஏழு வருகிறது. மருந்து என்று சொல்ல எட்டைத் தாண்ட வேண்டும், நம் ரகத்தில் அந்த மாத்திரை நிற்காது. நவம்பர் ஆராய்ச்சியில் நம்மைப் போன்றவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் வரட்டுமா?

கணக்கு


ஜூலை 5

மார்ச் ஆறாம் தேதி நீ எழுதியதை எடுத்துப் படித்தேன். ஒருவர் ஏழு என்று சொன்னார் என்பதை அதில் நீ எழுதியிருக்கிறாய். மறைக்கவில்லை. சிரிப்பதற்கு ஒரு விஷயம் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு ஊசியில் எனக்கு இடம் இருந்தது. தடி இல்லாமல் நடந்துகொண்டிருந்தேன். கடைசி நாள் தாண்டவில்லை.

கணக்குத் தப்பாகப் போட்டாய், அதற்கு எனக்குக் கோபமில்லை. யார்தான் தப்பு செய்யவில்லை? நானும் எத்தனையோ பேருக்கு லென்ஸை இடம் மாற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தலை வலிக்கிறது என்று ஒருத்தர் திரும்பி வந்து நின்றால், அவர் கண்ணைத்தான் கெட்டது என்று சொல்லி அனுப்பியதில்லை. ஒரு மனுஷன் மாடியேறி வந்து ஏழு என்று சொன்னான். பன்னிரண்டும் இருக்கலாம் அக்கா, ஏழும் இருக்கலாம், நீயே யோசித்துக்கொள் என்று நீ எழுதியிருக்கலாம். அதை ஜோக்காக்கி அனுப்பினாய். நானும் நம்பிச் சிரித்தேன். "தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னா உன் தங்கச்சி. நீ அந்த முயலை வாங்கி வீட்டுல கட்டினே" என்கிறார் மாமா.

நேற்று ஆஸ்பத்திரியில் அந்த டிரைவரைப் பார்த்தேன். அவருக்கு ஏறுவது மருந்தா உப்புத் தண்ணீரா என்று அவருக்கே தெரியாது. ஆனால் லிஃப்டுக்கு நிற்காமல் மாடிப்படியில் போனார். என்னைப் பார்த்ததும் நின்று, இறங்கி வந்து, என் தடியைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிப் போனார்.

கடையை விற்கப் பேசியாகிவிட்டது. இந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பேனாவை ரப்பர் பேண்ட் போட்டு விரலோடு கட்டிவிடுகிறாள் வாலு.

வராதே. எழுதாதே.


செப்டம்பர் 19

அக்கா,

எழுதாதே என்றாய். இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தேன். இப்போதும் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அதை எந்த முகத்தோடு கேட்பேன்?

போன மாதம் ஒருநாள் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். இப்போது எந்தக் கணக்காக இருந்தாலும் தெர்மாமீட்டரிடம் காட்டாமல் வெளியே விடுவதில்லை. நடைபாதையில் அவர் பின்னாலேயே வந்து கூப்பிட்டார். "மேடம், உங்க செருப்பு."

அவர் கையில் என் ஒற்றைச் செருப்பு. எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. என் கால் வெறுந்தரையில் இருந்தது, தரை சில்லென்று இருந்திருக்க வேண்டும், அதுவும் தெரியவில்லை. அவர் குனிந்து அதை என் காலடியில் வைத்தார். நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.

ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது, அக்கா.

எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ரத்தம் கொடுக்கச் சொல்லி நீ கேட்டபோதெல்லாம் நேரமில்லை என்று எழுதினேன். நேரம் இருந்தது. அந்த மாத்திரை உனக்கு மட்டும் என்று நினைத்துத்தான் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டேனா, இல்லை எனக்கும் சேர்த்தா என்று இப்போது என்னாலேயே சொல்ல முடியவில்லை. உனக்கு என்று மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை ஏழு என்ற அந்த எண்ணைக் காதில் வாங்கியிருப்பேன்.

இங்கே இருக்கும் ஆஸ்பத்திரியிலும் அதே ஊசி ஆராய்ச்சி நடக்கிறது. எனக்கு ஆரம்ப நிலைதான், நன்றாக நடக்கிறேன், இடம் இருக்கிறது என்கிறார்கள். பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று உன்னைச் சொல்ல வைத்த ஊசிக்கு நான் எப்படிக் கையை நீட்டுவேன்? நீட்டாமல் இருந்தால்தான் நியாயம் என்று தோன்றுகிறது.

நீ சொல்வதைத்தான் செய்வேன்.

கணக்கு


அக்டோபர் 2

சித்தி, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவால் இப்போது பேனா பிடிக்க முடியாது. ஒரு வார்த்தை விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறாள்.

அடியே கணக்கு,

நியாயமாம் நியாயம். எனக்குக் கால் போனதற்கு ஈடாக நீயும் காலைக் கொடுக்கப் போகிறாயா? உன் காலை வாங்கி நான் எங்கே மாட்டிக்கொள்வது? வெள்ளம் என் தலைக்கு மேலே போய்விட்டது, எனக்கு இனி சாண் என்ன, முழம் என்ன. உனக்கு இன்னும் கணுக்கால் அளவுதான். கரையேறு.

போய் இன்றைக்கே சரி என்று சொல். உப்புத் தண்ணீராக இருந்தால் இருக்கட்டும். பாதிக்குப் பாதி என்பது பெரிய விஷயம். எனக்கு அந்தப் பாதி கிடைக்கவில்லை. இனிமேல் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்காதே, உன்னுடைய எண்ணுக்காகவும் சரி, மற்றவர்கள் எண்ணுக்காகவும் சரி.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்த மார்ச் கடிதம்தான் வரிவரியாக ஞாபகம் வருகிறது. அது வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

வாலுவுக்கு அடுத்த மாதம் ரத்தம் எடுக்கப் போகிறோம். எழுதும்போது இவள் கை நடுங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவளுக்கும் இருந்துவிட்டால், நம் ரகத்துக்குப் பொருந்துகிற மாத்திரையை நீதான் தேட வேண்டும். எல்லாப் படத்திலிருந்தும் கிளம்பித் தேடு. எத்தனை கோடை ஆனாலும் ஆகட்டும். எண் வந்தால் முதலில் அந்தக் கீழ்த்தளத்து மனுஷனிடம் கொடு. அவர் சரி என்று சொன்ன பிறகு இவளிடம் சொல். என்னிடம் சொல்லாதே.

ஒரு தடவை வந்து போ.

(அம்மா இந்த வரியை அடிக்கச் சொல்கிறாள், சித்தி. நான் அடிக்கவில்லை.)

அப்புறம், அந்தச் செருப்பைத் தூக்கிப் போடு. பின்னால் வார் வைத்துப் பக்கிள் போடுகிற மாதிரி ஒன்று வாங்கிக்கொள். அப்பாவுக்கு நாம் அதை வாங்கிக் கொடுத்திருக்கலாம், இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வாங்கும்போது கடையில் நாலு எட்டு நடந்து பார்த்து வாங்கு. கடிக்கிறதா என்று உன் காலைக் கேட்காதே, தோலைக் கண்ணால் பார்.

அக்கா